விதிநூலில் ஒளிந்திருக்கும் விலை

1980களின் இறுதியில் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் ஒரு பெட்டியை விற்பனைக்கு விட்டது. பட்டியல் எண் ஆர்டிபி01. உள்ளே ‘வார்ஹேமர் 40,000’ என்ற கற்பனை உலகின் 30 பிளாஸ்டிக் ‘ஸ்பேஸ் மரீன்’ வீரர்கள். விலை 9 பவுண்டு 99 பென்ஸ், அதாவது வீரனுக்கு 33 பென்ஸ். 2017-ல் அதே நிறுவனம் அதே கற்பனை உலகத்துக்காக ‘இன்டர்செசர்’ என்ற புதிய ரக ஸ்பேஸ் மரீன்களைக் கொண்டுவந்தபோது 10 பேர் கொண்ட பெட்டியின் விலை 35 பவுண்டு. வீரனுக்கு மூன்றரை பவுண்டு. இடைப்பட்ட 30 ஆண்டுப் பணவீக்கத்தைச் சேர்த்துப் பார்த்தால் பழைய 33 பென்ஸ் 2017-ல் 70 பென்ஸ் அளவில் வந்து நின்றிருக்க வேண்டும். வந்து நின்றது அதன் ஐந்து மடங்கு.

மேசைப் போர் விளையாட்டில் இருப்பவர்கள் கூடும் இடங்களில் இந்தக் கணக்கு அடிக்கடி எழுகிறது. கணக்கில் பிழையில்லை. ஆனால் அது பாதிக் கதையைத்தான் சொல்கிறது. ஒரு வீரனின் விலை ஏறியதைவிட, ஒரு படைக்கு எத்தனை வீரர்கள் வேண்டும், எவருடைய வீரர்கள் வேண்டும், எத்தனை ஆண்டுக்கு அவர்கள் செல்லுபடியாவார்கள் என்பவை மாறியதே இந்தப் பொழுதுபோக்கை எளியவர்களின் கைக்கு எட்டாமல் ஆக்கியது என்று நான் கருதுகிறேன். இந்த மூன்றையும் தீர்மானிப்பது விதிநூல்.

விளையாட்டு இப்படி நடக்கிறது. விரல் உயர உருவங்கள் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிய துண்டுகளாக வருகின்றன. வாங்கியவர் அவற்றை வெட்டி, சுரண்டி, பசை வைத்துச் சேர்த்து, மெல்லிய தூரிகையால் வண்ணம் தீட்டுகிறார். ஒரு படை முடிய மாதங்கள் ஆகும். பிறகு மேசைமேல் நண்பரின் படைக்கு எதிரே அதை நிறுத்தி, அளவுநாடாவால் தூரம் அளந்து, பகடை உருட்டிப் போர் நடத்துகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு பொம்மையாகத் தெரிவது, உள்ளே இருப்பவருக்குக் கைத்தொழில், வரலாறு, கணக்கு, நட்பு எல்லாம் சேர்ந்த ஒன்று. அதனால்தான் விலை பற்றிய மனக்குறை இத்தனை ஆழமாக இருக்கிறது.

இந்தப் பொழுதுபோக்கு வளர்ந்ததே ஒவ்வொரு முறையும் ஒரு மலிவின் தோளில் ஏறித்தான். 1893-ல் லண்டனின் பிரிட்டன் குடும்பம் காரீயப் பொம்மை வீரர்களை உள்ளே கூடாக வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தது. ஈயம் குறைந்தது, எடை குறைந்தது, விலையும் குறைந்தது. அதுவரை சந்தையை ஆண்ட ஜெர்மானியத் திடவார்ப்புப் பொம்மைகளை அது பின்தள்ளியது. 1913-ல் எச்.ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலை எழுதியபோது, வீட்டுத் தரையில் அவர் பரப்பிய படை இந்தக் கடைப் பொம்மைகளே. பிரஷ்ய ராணுவத்தின் ‘கிரீக்ஸ்பீல்’ ஒரு நூற்றாண்டு முன்பே இருந்தது. ஆனால் அது அதிகாரிகளின் பயிற்சி. வரைபடமும் கட்டைகளும் போதும். பொம்மைகளோடு போரைச் சாதாரண வீட்டுக்குள் கொண்டுவந்தது வெல்ஸின் நூல். அவர் விதி எழுதினார். வீரர்கள் எவரிடமிருந்து வர வேண்டும் என்று எழுதவில்லை.

இரண்டாவது மலிவு 1959-ல் தொடங்கியது. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் மென்பிளாஸ்டிக்கில் சிற்றளவு வீரர்களைப் பெட்டி பெட்டியாக வெளியிட்டது. பள்ளிப் பையன் கைச்செலவுக் காசில் ஒரு படைப்பிரிவையே வாங்கலாம் என்ற நிலை வந்தது. 1962-ல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் எழுதிய ‘வார் கேம்ஸ்’ என்ற நூல் அந்தத் தலைமுறைக்கு வழிகாட்டியானது. அந்தப் பெட்டிகளில் இல்லாத வீரர்களை அவர்கள் உருவாக்கிக்கொண்டார்கள். ஒருவன் தலையை இன்னொருவன் உடலில் ஒட்டுவதும், தொப்பியைச் செதுக்கி நாட்டை மாற்றுவதும் அன்றைய தேர்ச்சிகள்.

உலோக உருவங்கள் அதே காலத்தில் வேறொரு பாதையில் வளர்ந்தன. அவற்றின் தொழில்நுட்பத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றைய விலையின் வேர் அங்கே இருக்கிறது. உலோக உருவம் வார்க்க ரப்பர் அச்சு போதும். மூல உருவத்தை ரப்பர் வட்டுகளுக்கு இடையே அழுத்தி வேகவைத்து அச்சு எடுக்கிறார்கள். வட்டைச் சுழலவிட்டு நடுவில் உருகிய உலோகத்தை ஊற்றினால் அது ஓரங்களுக்குப் பாய்ந்து உருவமாகிறது. அச்சுக்கான செலவு சிறிது. ஒரு வண்டிக்கொட்டகையில் தொழில் தொடங்கிவிடலாம். பலர் அப்படித்தான் தொடங்கினார்கள். ஆனால் ஒவ்வொரு உருவத்துக்கும் உலோகச் செலவும் கைக்கூலியும் உண்டு. ஆயிரமாவது வீரனும் முதல் வீரன் அளவுக்கே செலவு வைப்பான்.

பிளாஸ்டிக்கில் நிலைமை தலைகீழ். எஃகுக் கட்டியில் நுட்பமாகக் குடைந்த அச்சு வேண்டும். ஒன்றுக்குப் பல்லாயிரம் பவுண்டு ஆகலாம். அச்சு தயாரானபின் உருகிய பாலிஸ்டைரீனை உள்ளே செலுத்தினால் சில நொடிகளில் ஒரு சட்டம் வந்து விழும். அதிலுள்ள பிளாஸ்டிக்கின் மதிப்பு சில பென்ஸ். ஆகவே பிளாஸ்டிக் உருவத்தின் விலையில் பொருளுக்குப் பங்கு மிகச் சிறிது. வடிவமைப்பாளர் சம்பளம், எஃகு அச்சு, கிடங்கு, கடை, லாபம் ஆகியவையே அந்த விலை. எத்தனை பெட்டி விற்கும் என்ற மதிப்பீடுதான் ஒரு பெட்டியின் மேல் எவ்வளவு சுமத்துவது என்பதைச் சொல்கிறது. படைவீரர் பெட்டியை ஒருவரே மூன்று வாங்குவார். படைத்தலைவனை ஒன்றுதான் வாங்குவார். தனியொரு பிளாஸ்டிக் தலைவனின் விலை 20 பவுண்டைத் தாண்டிப் போனதற்கு இது ஒரு காரணம். முழுக் காரணம் அன்று.

உலோகத்தின் பக்கம் விலை உயர்வுக்கு மறுக்க முடியாத காரணங்கள் இருந்தன. 1993-ல் நியூயார்க் மாநிலத்தில் காரீயத்துக்கு எதிரான சட்ட முயற்சி அமெரிக்க உற்பத்தியாளர்களைக் கலங்கடித்தது. அதிலிருந்து காரீயம் குறைந்து, வெள்ளீயம் மிகுந்த கலவைக்குத் தொழில் மாறியது. வெள்ளீயம் உலகச் சந்தையின் பண்டம். அதில் பாதியளவு மின்னணுச் சாதனங்களின் பற்றாசுக்குப் போகிறது. கைப்பேசிக்கும் கணினிக்கும் தேவை கூடும்போதெல்லாம் பொம்மை வீரனும் விலையேறுகிறான். 2011-ல் டன்னுக்கு 33,000 டாலரைத் தொட்ட வெள்ளீயம், 2022-ன் தொடக்கத்தில் 40,000 டாலரையும் கடந்தது. ஒற்றை ஆளாக வார்ப்புத் தொழில் நடத்துபவர் விலையைக் கூட்டுவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்?

ஆனால் அதே 2011-ல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் செய்தது வேறு. உலோகத்தை விட்டு ‘ஃபைன்காஸ்ட்’ என்ற பிசின் வார்ப்புக்கு மாறியது. பொருள் மலிவானது, விலை பல உருவங்களுக்கு ஏறியது. வார்ப்பில் காற்றுக் குமிழிகள் விழுந்து மூக்கும் வாள்முனையும் காணாமல்போன உருவங்கள் வந்ததாக வாங்கியவர்கள் பரவலாகக் குறைசொன்னார்கள். அதே ஆண்டில் ஐரோப்பியக் கடைகள் ஐரோப்பாவுக்கு வெளியே தன் பொருளை விற்கக் கூடாது என்ற நிபந்தனையையும் நிறுவனம் விதித்தது. ஆஸ்திரேலியாவில் பட்டியல் விலை இங்கிலாந்தைவிட மிக அதிகம் என்பதால் அங்கிருந்தவர்கள் இங்கிலாந்துக் கடைகளிலிருந்து அஞ்சலில் வாங்கிவந்தார்கள். அந்த வழி அடைபட்டது. இங்கே விலையை ஏற்றியது உலோகமும் அன்று, எஃகு அச்சும் அன்று.

இனி விதிநூலுக்கு வருவோம். 1987-ல் வெளிவந்த ‘வார்ஹேமர் 40,000: ரோக் டிரேடர்’ சிறு குழுக்களின் மோதலுக்காக எழுதப்பட்டது. ரிக் பிரீஸ்ட்லி எழுதிய அந்த நூல் ஒரு நடுவரின் துணையோடு இருபது முப்பது உருவங்களை வைத்து ஆடத்தக்கது. ஒரு ஆர்டிபி01 பெட்டி வாங்கிய பையனிடம் ஒரு மாலைப் பொழுதுக்குப் போதுமான படை இருந்தது. 1993-ல் வந்த இரண்டாம் பதிப்பில் படைக்கு அளவு புள்ளிகளால் வகுக்கப்பட்டது. சாதாரண ஸ்பேஸ் மரீன் ஒருவனுக்கு 30 புள்ளி. 1998-ல் வந்த மூன்றாம் பதிப்பில் அதே வீரனுக்கு 15 புள்ளி. ஆயுதங்களையும் வாகனங்களையும் ஒதுக்கிவிட்டு வெறும் எண்கணிதமாகப் பார்த்தால், 1,500 புள்ளிப் படைக்கு முன்பு 50 பேர் போதும். பின்பு 100 பேர் வேண்டும். பெட்டியின் விலை ஒரு பென்ஸ்கூட ஏறாவிட்டாலும் படையின் விலை இரட்டிப்பாகியிருக்கும். பிற்காலத்தில் வழக்கமான ஆட்டமே 2,000 புள்ளியாக வளர்ந்தது. பெரிய போர் மேசைமேல் பார்க்க அழகுதான். வேகமாக ஆட மூன்றாம் பதிப்பின் விதிகள் எளிமையாக்கப்பட்டதும் உண்மை. ஆனால் அந்த அழகுக்கான பணம் யாருடைய பையிலிருந்து போனது என்பதையும் பார்க்க வேண்டும். விலைப் பட்டியல்களை மட்டும் ஒப்பிடும் எந்த ஆய்விலும் இந்த உயர்வு தெரியாது.

காலத்தின் விலை இன்னொன்று. 2014, 2017, 2020, 2023 என மூன்றாண்டுக்கு ஒருமுறை 40,000 விளையாட்டுக்குப் புதிய பதிப்பு வருகிறது. விதிநூல் புதிது, ஒவ்வொரு படைக்கும் உரிய ‘கோடெக்ஸ்’ நூலும் புதிது. 2017-ல் ஸ்பேஸ் மரீன்களே உயரம் கூடித் திரும்பினார்கள். ‘பிரைமாரிஸ்’ என்ற அந்த வீரர்களுக்குப் பக்கத்தில் பழையவர்கள் சிறுவர்களைப்போல நிற்கிறார்கள். பழைய உருவங்கள் பல ‘லெஜண்ட்ஸ்’ என்ற பட்டியலுக்குத் தள்ளப்பட்டன. வீட்டில் நண்பரோடு ஆடலாம். போட்டிகளில் பெரும்பாலும் இடமில்லை. நம் வீட்டுக் கொலுவில் பாட்டி காலத்து மரப்பாச்சிக்கும் மேல்படியில் இடம் உண்டு; புதுப் பொம்மை வந்தால் அது பக்கத்தில் உட்காரும். இங்கே படியே பறிக்கப்படுகிறது.

இதன் மிகக் கடுமையான வடிவம் 2015-ல் நடந்தது. 1983 முதல் இருந்த ‘வார்ஹேமர் ஃபேன்டசி பேட்டில்’ நிறுத்தப்பட்டு, கதையிலும் அந்த உலகம் அழிக்கப்பட்டு, ‘ஏஜ் ஆஃப் சிக்மார்’ என்ற வேறு விளையாட்டு வந்தது. சதுரப் பீடத்தில் வரிசைகட்டி நின்ற படைகள் ஒரே கோடையில் ஆதரவில்லாமல் போயின. பல ஆண்டுகள் உழைத்துத் தீட்டிய ஆயிரம் உருவங்களின் உரிமையாளருக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கலாம். 2024 ஜனவரியில் அதே உலகம் ‘தி ஓல்ட் வேர்ல்ட்’ என்ற பெயரில் திரும்பியது. பழைய அச்சுகளில் வார்த்த உருவங்கள் புதிய விலையில் மீண்டும் விற்பனைக்கு வந்தன. அதிலும் தொடக்கத்தில் ஒன்பது படைகளுக்கே தொடர் ஆதரவு இருந்தது. மற்றவற்றுக்கு இலவசப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து நிறுத்திக்கொண்டார்கள்.

விதியையும் உருவத்தையும் ஒரே முடிச்சில் கட்டும் போக்குக்கு நீதிமன்றமும் ஒரு காரணம். அமெரிக்காவில் சாப்டர்ஹவுஸ் ஸ்டுடியோஸ் என்ற சிறு நிறுவனம் வார்ஹேமர் உருவங்களுக்கு மாற்றுத் தோள்கவசம், தலை போன்றவற்றைச் செய்து விற்றது. விதிநூலில் இருந்தும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் அதுவரை வெளியிடாத ‘டெர்விகன்’ என்ற உயிரினத்தை உருவாக்க உதவும் பாகங்களையும் விற்றது. 2010 இறுதியில் சிகாகோ நீதிமன்றத்தில் வழக்கு தொடுக்கப்பட்டது. 2013-ல் நடுவர் குழு சில கோரிக்கைகளைப் பெரிய நிறுவனத்துக்கும் சிலவற்றைச் சிறிய நிறுவனத்துக்கும் சாதகமாகத் தீர்த்தது. மறு ஆண்டு சமரசம் ஆனது. அதன்பின் வந்த படைநூல்களில், உருவம் விற்பனையில் இல்லாத பிரிவுக்கு விதி எழுதும் வழக்கம் அருகிப்போனது. ‘இம்பீரியல் கார்ட்’ என்ற பொதுப்பெயர் 2014-ல் ‘அஸ்ட்ரா மிலிடாரம்’ என்று வணிகச் சின்னமாகப் பதியத்தக்க பெயரானது. தானே செதுக்கிச் சேர்த்து ஒரு புதுப் படைத்தலைவனை உருவாக்கும் ஃபெதர்ஸ்டோன் காலப் பழக்கத்துக்கு விதிநூலில் இடம் குறுகியது. கேம்ஸ் வொர்க்‌ஷாப் தன் படைப்பைக் காத்துக்கொள்ள உரிமை உள்ள நிறுவனம்தான். ஆனால் அந்தக் காவலின் செலவு வாடிக்கையாளரின் தலையில் விழுந்தது.

மிகை விலைக்கு எல்லை இருக்கிறது என்பதையும் நிறுவனத்தின் கணக்குகளே காட்டின. 2013-14 நிதியாண்டில் விற்பனை 13 கோடியே 46 லட்சம் பவுண்டிலிருந்து 12 கோடியே 35 லட்சமாகச் சரிந்தது. லாபம் அதைவிட வேகமாக வீழ்ந்தது. 2015-ல் கெவின் ரவுண்ட்ரீ தலைமைக்கு வந்தபின் நிலைமை மாறியது. ‘ஸ்டார்ட் கலெக்டிங்’ என்ற 50 பவுண்டுப் பெட்டியில் ஒரு சிறு படைக்கு வேண்டியதைத் தனித்தனி விலையைவிடக் குறைத்துக் கொடுத்தார்கள். விட்டுப்போனவர்கள் பலர் திரும்பினார்கள். 2020-ல் அதன் இடத்தில் ‘காம்பாட் பேட்ரோல்’ வந்தது, 85 பவுண்டுக்கு. உள்ளடக்கம் கூடியது, நுழைவாயிலும் உயர்ந்தது.

நியாயத்துக்காக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2020-ல் வந்த ‘இன்டோமிட்டஸ்’ பெட்டியில் 61 உருவங்கள், 125 பவுண்டு. 2023-ல் வந்த ‘லெவையதன்’ பெட்டியில் 72 உருவங்கள், 150 பவுண்டு. இரண்டிலும் உருவத்துக்கு இரண்டு பவுண்டை ஒட்டியே வருகிறது. 1980களின் விறைத்த, ஒரே முகமுள்ள வீரர்களோடு ஒப்பிட்டால் இவற்றின் செதுக்கு வேலைப்பாடு மிக உயர்ந்தது. அதைப் பார்த்து மயங்குபவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் இத்தகைய பெட்டிகள் குறுகிய காலத்துக்கே கிடைக்கும். இருப்பு தீரும் என்ற அச்சம் வாங்கும் முடிவை அவசரப்படுத்துகிறது. வாங்கியதில் பாதி எதிரிப் படை. அதை விற்கவோ, இரண்டாவது படையைத் தொடங்கவோ வேண்டும். இரண்டாவது படை தொடங்கியவர் மீண்டும் தனிப்பெட்டி விலைக்கு வந்து சேர்கிறார்.

2025 ஜூனில் முடிந்த ஆண்டில் நிறுவனத்தின் மொத்த வருவாய் 61 கோடியே 75 லட்சம் பவுண்டு. வரிக்கு முந்தைய லாபம் 26 கோடியே 28 லட்சம். இதில் கணினி விளையாட்டுகளுக்கும் பிறவற்றுக்கும் உரிமம் கொடுத்த வருமானமும் சேர்ந்தது. 2024 டிசம்பரில் லண்டன் பங்குச்சந்தையின் முதல் நூறு நிறுவனங்களின் வரிசையில் அது இடம்பிடித்தது. நாட்டிங்காமிலேயே ஆலை வைத்து, உள்ளூரில் பலருக்கு நல்ல வேலை கொடுத்து, 500-க்கும் மேற்பட்ட சொந்தக் கடைகளை நடத்தும் நிறுவனம் இது. அந்தக் கடைகளில் ஒரு சிறுவனுக்கு முதல் தூரிகையைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் ஊழியர்களின் உழைப்பும் விலையில் அடங்கும். இருந்தும் நூறு பவுண்டு வருவாயில் நாற்பதுக்கு மேல் லாபமாக நிற்கும்போது, மூலப்பொருள் விலையைக் காரணம் காட்டும் வாதம் வலுவிழந்துவிடுகிறது.

வேறு வழி சாத்தியமா என்று கேட்பவர்கள் அதே நாட்டிங்காமில் சற்றுத் தள்ளிப் பார்த்தால் போதும். பெர்ரி சகோதரர்கள், அலனும் மைக்கேலும், கேம்ஸ் வொர்க்‌ஷாப்பில் நெடுங்காலம் உருவம் செதுக்கியவர்கள். அவர்கள் தங்கள் சொந்த நிறுவனத்தில் வெளியிடும் வரலாற்றுப் படைகளின் பிளாஸ்டிக் பெட்டியில் நாற்பதை ஒட்டிய காலாட்படையினர் 20 பவுண்டைச் சுற்றிய விலைக்குக் கிடைத்துவந்தனர். அதே எஃகு அச்சு முறை, அதே பிளாஸ்டிக், குறையாத கைத்திறன். வீரனுக்கு அரைப் பவுண்டு. காரணம் எளிது: நெப்போலியனின் படைக்கு யாரும் பதிப்புரிமை கோர முடியாது. பிரெஞ்சுக் காலாட்படையை பெர்ரியும் செய்யலாம், விக்ட்ரிக்ஸும் செய்யலாம், வார்லார்ட் கேம்ஸும் செய்யலாம். எவருடைய வீரனும் எந்த விதிநூலுக்கும் பொருந்துவான். ஒருவர் விலையை ஏற்றினால் வாங்குபவர் அடுத்த கடைக்குப் போவார். 1815-ல் வாட்டர்லூவில் நின்ற சீருடை அடுத்த பதிப்பில் மாறிவிடவும் போவதில்லை. முப்பது ஆண்டு முன் தீட்டிய படை இன்றும் களத்தில் நிற்கிறது.

முப்பரிமாண அச்சு இயந்திரம் இந்தச் சுதந்திரத்தைக் கற்பனை உலகங்களுக்கும் கொண்டுவரும் என்று பலர் நம்புகிறார்கள். 2018, 2019 வாக்கில் எனிக்யூபிக், எலிகூ போன்ற சீன நிறுவனங்களின் சிறு பிசின் இயந்திரங்கள் இருநூறு முந்நூறு டாலருக்கு வந்தன. ஒரு வீரனுக்குச் சில கிராம் பிசின் போதும். செதுக்குக் கலைஞர்கள் மாதச் சந்தாவுக்குக் கோப்புகளை நேரடியாக விற்கிறார்கள். எஃகு அச்சின் பெருஞ்செலவு இந்தப் பாதையில் இல்லவே இல்லை. ஆனால் உறையாத பிசின் தோலுக்கு ஒவ்வாமை தரும். கையுறை, கழுவும் ஆல்கஹால், புற ஊதா விளக்கு, காற்றோட்டமான அறை எல்லாம் வேண்டும். அடுக்குமாடி வீட்டில் குழந்தைகளோடு இருப்பவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் சொந்தக் கடைகளிலும் போட்டிகளிலும் அச்சிட்ட உருவங்களுக்கு அனுமதியும் இல்லை. உருவம் மலிந்தாலும் மேசைக்கு அனுமதி வழங்கும் கை மாறவில்லை.

அதனால் எனக்கு இயந்திரத்தைவிட விதிநூலில்தான் நம்பிக்கை அதிகம். ரோக் டிரேடர் எழுதிய பிரீஸ்ட்லி, கேம்ஸ் வொர்க்‌ஷாப்பை விட்டு விலகியபின், அலெஸ்ஸியோ கவடோரேவுடன் சேர்ந்து 2012-ல் ‘போல்ட் ஆக்‌ஷன்’ என்ற இரண்டாம் உலகப் போர் விளையாட்டை எழுதினார். வார்லார்ட் அதற்கென உருவங்களை விற்கிறது. வேறு நிறுவனத்தின் உருவத்தை வைத்தும் ஆடலாம். 2015-ல் ஆஸ்ப்ரே பதிப்பகம் வெளியிட்ட ஜோசப் மெக்கல்லோவின் ‘ஃப்ராஸ்ட்கிரேவ்’ இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு மந்திரவாதி, அவன் சீடன், எட்டுப் படையாட்கள். மொத்தம் பத்து உருவங்கள். நார்த் ஸ்டார் நிறுவனம் அதற்கான உருவங்களைத் தயாரித்தாலும், அலமாரியில் கிடக்கும் எந்த உருவத்தையும் அந்த விதிநூல் ஏற்றுக்கொள்கிறது. 1980களில் வாங்கிய காரீய மந்திரவாதிக்கும் நேற்று அச்சிட்ட சீடனுக்கும் அதில் ஒரே தகுதி.